வாசலுக்கு வாசல் கிளட்ச்

தை 19

இது உரக்கடையில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சியின் படமும் அதைக் கொல்லும் மருந்தின் பெயரும் போட்டிருக்கிறார்கள். இன்றைய பக்கத்தில் குருத்துப்பூச்சி. மீசையைப் பார்த்தால் என் மைத்துனர் மாதிரியே இருக்கிறது. மங்கை கண்ணில் இந்தப் பக்கம் படக்கூடாது. மங்கை என்றால் மங்கையர்க்கரசி. பெயரின் நீளத்துக்கும் ஆள் பேசும் பேச்சுக்கும் சம்பந்தமில்லை. அவள் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள், நான்தான் அதற்கு ஒரு வாரம் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இன்று அறுவடை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு செயின் வண்டி வந்திருந்தது. சேற்றில் புதையாமல் இருக்க டயருக்குப் பதில் ரப்பர் பட்டை போட்ட அறுவடை இயந்திரத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஓட்டி வந்த செங்கோடனைக் கவனித்தேன். மனிதர் ஒற்றைக் கையால், கல்யாண வீட்டில் வெற்றிலை எடுப்பது போல, ஒரு லீவரை முன்னால் தள்ளுகிறார், வண்டி போகிறது. நடுவில் விடுகிறார், நிற்கிறது. பின்னால் இழுக்கிறார், பின்னால் வருகிறது. கியர் மாற்றும் கரகரப்பு இல்லை. கிளட்ச் மிதிக்கும் திமிறல் இல்லை.

வரப்பில் நாங்கள் ஏழெட்டுப் பேர். பக்கத்து வயல் உத்திராபதியும் இருந்தான். என்னைவிட நாலு வயது சின்னவன், வாய் மட்டும் நாற்பது வயது பெரியது.

“எப்படிங்க தம்பி, கியரே இல்லாம ஓடுது?” என்று செங்கோடனைக் கேட்டேன்.

“பம்பு எண்ணெயை அழுத்திக் குடுக்குதுங்கண்ணா. அந்த அழுத்தத்துல மோட்டாரு சுத்துது. எவ்ளோ எண்ணெய் போவுதோ அவ்ளோ வேகம். இதுல என்ன வசதின்னா, இஞ்சின் ஒரே வேகத்துல ஓடிட்டிருக்கும். சாஞ்ச பயிரு வந்தா வண்டிய மட்டும் மெதுவாக்கிக்கலாம், கதிரடிக்கிற டிரம் வேகம் குறையாது.”

“சரி, அப்ப இடது காலுக்கு என்ன வேலை?” என்றான் உத்திராபதி.

“வேலையே இல்லீங்கண்ணா. சும்மா வெச்சிருக்கலாம்.”

“சும்மா வெச்சிருக்கலாமா!” கோயிலில் இரண்டாம் முறை பொங்கல் கிடைத்தவன் போல அவன் முகம் மலர்ந்தது.

நான் விடுவேனா? “அப்பறம் எதுக்குடா ரெண்டு காலைத் தூக்கிக்கிட்டு வயலுக்கு வர்ற? ஒண்ணை வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வா. மழை நேரத்துல நனையாம இருக்கும்” என்றேன். வரப்பே சிரித்தது. நல்ல நகைச்சுவை. எழுதி வைத்தேன்.

வீட்டுக்கு வரத் தாமதம். வரப்பு வழுக்கல்.

“ஏன் நொண்டுறீங்க?” என்றாள் மங்கை.

“புதுச் செருப்பு கடிக்குது.”

“வெறுங்கால்லதானே வந்து நிக்கிறீங்க.”

அவளிடம் எந்த விஷயத்தையும் முழுதாகச் சொல்லி முடிக்க முடியாது.

தை 20

ஜபருல்லா பாய் டீக்கடையில் காலையிலிருந்து கிளட்ச் இல்லாத வண்டிதான் பேச்சு. டிராக்டரிலும் அது வந்துவிட்டதாம். உத்திராபதி போனில் படம் காட்டினான்.

“எண்ணெயில ஓடுற வண்டி நம்ம வெயிலுக்குத் தாங்குமாடா? மதியானம் மூடியைத் திறந்தா வடை சுடலாம்” என்றேன்.

“சுட்டா எனக்கு ஒண்ணு குடு மாமா” என்றார் பாய்.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் சித்திரை ஒன்றாம் தேதி நல்லேர் பூட்டுவோம். வருஷத்தின் முதல் உழவு. முன்பு மாடு, இப்போது டிராக்டர். ஊரில் உள்ள எல்லா டிராக்டரும் சந்தனம் குங்குமம் வைத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து வரிசையாகக் கிளம்பும். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி ஆரத்தி வாங்கிக்கொண்டு பொதுவயலுக்குப் போய் முதல் சால் ஓட்டும். வரிசையில் முதல் வண்டி என்னுடையது. இரண்டாவது உத்திராபதியுடையது.

வாசலுக்கு வாசல் நிறுத்தும்போது மற்றவர்கள் நியூட்ரல் போட்டுவிட்டு ஹாயாக உட்காருவார்கள். நான் போட மாட்டேன். வண்டி கியரில் இருக்கும், என் இடது கால் கிளட்சில் இருக்கும், ஆரத்தித் தட்டு நகர்ந்த அடுத்த நொடி வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு கிளம்பும். ‘ராஜமாணிக்கம் கால் மாதிரி உண்டா’ என்று சொல்வார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் பெயர் நினைவில்லை. ஒரு முறையாவது சொல்லியிருப்பார்கள்.

அப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு கிளட்ச் இல்லாத வண்டியைப் பாராட்ட முடியுமா?

தை 28

டிராக்டரின் கிளட்ச் இறுகிவிட்டது. வயதாகிவிட்டது பாவம். மிதித்தால் கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கிறது. மெக்கானிக் பக்கிரிசாமியை வரச் சொன்னேன். கம்பியைத் தளர்த்திப் பார்த்தான், கிரீஸ் வைத்தான், கீழே படுத்துப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று பெடலைக் கையால் அமுக்கிக் காட்டினான். ஒரே கையால். இன்னொரு கையில் டீ கிளாஸ்.

“நல்லாத்தானண்ணே இருக்கு.”

“நல்லா இல்லைடா. இன்னும் கொஞ்சம் லூசாக்கு.”

“இதுக்கு மேல லூசாக்குனா காத்தடிச்சாலே மிதிபட்டுடும்.”

அவனுக்கு இந்த மாடல் அவ்வளவாகத் தெரியாது.

மாசி 2

டவுனில் தைலம் வாங்கினேன். மங்கைக்கு என்று சொன்னேன். “இந்த மாசம் உங்க ஊருலேருந்து இது நல்லா ஓடுது, இதுதான் கடைசி பாட்டில்” என்றார் கடைக்காரர். யாருக்கோ பாவம், வலிபோல.

மாசி 9

வரும் வாரம் ஊரில் புது டிராக்டரை ஓட்டிக் காட்டப் போகிறார்களாம். டீக்கடையில் ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. வடக்குத் தெரு சேரமான் பல்சக்கரக் கட்சி: “எண்ணெய் வண்டியில இஞ்சின் பலத்துல ஒரு பங்கு சூட்டுலயே போயிடும். ஆழ உழுதா திணறும். பழுதானா நம்ம பக்கிரிசாமியால தொட முடியாது, லேப்டாப்போட ஆளு வரணும்.”

“வரட்டுமே. லேப்டாப்புக்கும் டீ குடுப்பேன்” என்றார் பாய்.

உத்திராபதி எண்ணெய்க் கட்சி. என்னைப் பார்த்துக்கொண்டே, “நாள் முழுக்க கிளட்ச் மிதிச்சா காலு என்னத்துக்கு ஆவும்? அந்தக் காலையும் கொஞ்சம் நினைச்சுப் பாக்கணும்” என்றான். என்னைச் சீண்டத்தான். நான் பல்சக்கரக் கட்சியின் தலைவராக உடனே பொறுப்பேற்றேன்.

“வேகத்துக்கு முயல் படமும் மெதுவுக்கு ஆமை படமும் போட்ட கியர் வண்டியை ஓட்டுனவன்டா நான். முயல்லேருந்து ஆமைக்கு மாத்துறப்ப கியர் ‘களுக்’குனு உக்காரணும். அந்தச் சத்தம் கேக்காம உழுதா, உழுத மாதிரியே இருக்காது.”

கைதட்டினார்கள். எழுந்து கையசைக்க நினைத்தேன். பெஞ்ச் வசதியாக இருந்ததால் உட்கார்ந்தே அசைத்தேன்.

மாசி 14

எழுத நிறைய இருக்கிறது. எழுதாமல் விடவும் நிறைய இருக்கிறது.

அறுத்த வயலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சின்ன வண்டிதான், பளபளவென்று புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. கம்பெனிப் பையன் நிரஞ்சன் வெயிலில் டை கட்டிக்கொண்டு விளக்கினான். வலது காலில் ஒரு பெடல். முனையை அமுக்கினால் முன்னால், குதிகாலால் அமுக்கினால் பின்னால், காலை எடுத்தால் நின்றுவிடும். இடது பக்கம் ஒரே ஒரு பெடல், அது பிரேக். கிளட்சே கிடையாது.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மங்கையின் குரல் கேட்டது. “தம்பி, இடது காலை வைக்கவே வேண்டாமா?” அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

“தேவையே இல்லம்மா. அவசரமா நிறுத்தணும்னா மட்டும்தான்.”

“பல்சக்கரத் தலைவர் ஓட்டிப் பாக்கட்டும்!” என்று சேரமான் கத்தினார். தலைவருக்கு வேறு வழி? ஏறினேன். ஒரு மட்கார்டில் நிரஞ்சன், இன்னொரு மட்கார்டில் உத்திராபதி.

உண்மையைச் சொன்னால் போனது. தண்ணீரில் இலை போவது போலப் போனது. வலது பாதத்தைக் கொஞ்சம் சாய்த்தால் வேகம், கொஞ்சம் நிமிர்த்தினால் மெது. ஒரு சுற்று முழுக்க நான் எதைப் பற்றியும் நினைக்கவில்லை. இப்போதெல்லாம் அப்படி இருப்பதே இல்லை. ஏன் இல்லை என்பது இருக்கட்டும்.

வயல் முடிந்தது. வரப்பு வந்தது. வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டும் என்று தலை நினைப்பதற்கு முன்பே என் இடது கால், வாலிபத்திலிருந்து செய்து வந்த காரியத்தைச் செய்தது. கிளட்ச் என்று நினைத்து இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி மிதித்தது. மிதித்தது பிரேக்கை.

வண்டி அடித்த ஆணி மாதிரி நின்றது. நிரஞ்சன் டையோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். உத்திராபதி மட்கார்டை விட்டுப் பறந்து, சுருட்டிப் போட்டிருந்த வைக்கோல் மேல் விழுந்து, அங்கிருந்து உருண்டு எழுந்தான். காதில் வைக்கோல்.

“அண்ணே! வண்டிதானே ஓட்டச் சொன்னாங்க? என்னையும் சேத்து வெதைக்கவா சொன்னாங்க?”

ஊர் சிரித்து முடிக்க நேரமானது. நான் உடனே இறங்கவில்லை. சீட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான கொக்குகள். உத்திராபதியும் வைக்கோல் மேலேயே உட்கார்ந்து காலை நீவிக்கொண்டு கொக்குகளைத்தான் பார்த்தான்.

மாசி 15

எழுந்திருக்கவில்லை. பனி.

மாசி 23

உளுந்துக்கு மருந்து அடித்தாயிற்று. மங்கை கேட்டாள்: “இந்த வருஷம் நல்லேருக்கு முதல் வண்டிய உத்திராபதி ஓட்டட்டுமே?”

“அவனா? அவன் நியூட்ரல் போடுற ஆளு.”

“போட்டா என்ன?”

என்ன என்று விளக்கினேன். மாடு வைத்திருந்த காலத்திலிருந்து ஆரம்பித்தேன். முடிக்கும்போது அவள் தூங்கிவிட்டிருந்தாள். கண் மட்டும் திறந்திருந்தது.

பங்குனி 5

டீக்கடைக்கு டிராக்டரில் போனேன். நிறுத்தும்போது கிளட்ச் பெடலிலிருந்து கால் நழுவியது. பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி பாயின் பெஞ்சை இரண்டாக்கிவிட்டது. பெஞ்சில் யாரும் இல்லை. பெஞ்சை அந்த இடத்தில் போட்டது தப்பு.

“பரவாயில்ல மாமா, பழைய பெஞ்சுதான்” என்றார் பாய். சிரித்தார். ஆனால் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார். அவர் பேத்தி எப்போதும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். இன்று பள்ளிக்கூடம்.

இன்று யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. உத்திராபதிகூட. அதுதான் என்னவோ போல் இருந்தது.

பங்குனி 6

சித்திரை ஒன்றாம் தேதி, பெஞ்ச் இருந்த இடத்தில் ஆரத்தித் தட்டோடு ஆட்கள் நிற்பார்கள்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. இன்றைய பூச்சி புகையான்.

பங்குனி 8

புது ரப்பர் மாட்டியாயிற்று. பக்கிரிசாமி பழைய ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதுவும் புதுசு மாதிரிதானே இருக்கு” என்றான். சொன்னேனே, அவனுக்கு மாடல் தெரியாது.

பங்குனி 22

நல்லேர் விஷயமாகக் கோயிலில் கூட்டம். வழக்கமாகச் சுண்டலைப் பற்றித்தான் சண்டை வரும். இந்த வருஷம் உத்திராபதி எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தான்.

“வாசலுக்கு வாசல் வண்டிய நிறுத்துறது பழைய டெக்னாலஜி. ஆத்தூரு தம்பி என்ன சொன்னாரு? வண்டி மெதுவானாலும் டிரம் ஒரே வேகத்துல ஓடணும்னாரு. அதனால டிராக்டருங்க கோயில் வாசல்லயே நிக்கட்டும். சனங்க ஆரத்திய எடுத்துக்கிட்டு வரிசையா இங்க வந்து சுத்திட்டுப் போவட்டும். அப்பறம் ஒரே ஓட்டமா வயலுக்கு.”

“நீ சொல்றதுல டிரம் எதுடா?” என்றார் சேரமான்.

“அது வந்து… பிள்ளையாரு.”

எதிர்வீட்டு அலமேலு அக்கா எழுந்துவிட்டார்கள். “இது என்ன கூத்து? என் வாசல்ல வண்டி நிக்காம எந்த வருஷம் போயிருக்கு? மாக்கோலம் போட்டு வச்சுட்டு நான் கோயிலுக்கு ஓடணுமா?” எனக்கு அப்படியே எழுந்து அவர்கள் பக்கம் போய் நிற்க வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அக்கா மங்கையைப் பார்த்தார்கள். மங்கை முந்தானையைச் சரிசெய்தாள். அக்கா உட்கார்ந்துவிட்டார்கள். “சரி, சரி. நடக்கறதும் உடம்புக்கு நல்லதுதான்.”

நான் எதிர்த்தேன். பத்து வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். இரண்டு சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மற்ற எட்டும் எங்கே போயின என்று வீட்டுக்கு வந்தும் தேடுகிறேன்.

உத்திராபதிமேல் கோபம். நிறுத்தாமல் ஓட்டுவதற்கு நான் எதற்கு, என் கால் எதற்கு? ஆனால் இன்று ராத்திரிச் சோறு கூடுதலாக இறங்கியது. குழம்பு நன்றாக இருந்தது.

சித்திரை 1

வண்டியைக் குளிப்பாட்டிச் சந்தனம் வைத்தோம். சைலன்ஸரில் மாலை. கோயில் வாசலில் முதல் வண்டி என்னுடையது, பின்னால் உத்திராபதி, அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். பழக்கதோஷத்தில் கியரில் வைத்துக் கிளட்சை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். முதல் ஆளாக மங்கை தட்டோடு வந்தாள். வண்டிக்கு நேர் முன்னால் நின்றாள். தட்டைச் சுற்றவில்லை.

“நியூட்ரல் போடுங்க.”

“ஊரே பாக்குது.”

“பாக்கட்டும். நான் முன்னால நிக்கிறேன். போடுங்க.”

இரண்டாக உடைந்த பெஞ்ச் ஞாபகம் வந்தது. போட்டேன். ‘களுக்’ என்றது. காலை எடுத்து மெதுவாகத் தரையில் வைத்தேன். இடது காலுக்கு வேலை இல்லை. சும்மா வைத்திருந்தேன். அப்படியே இருக்கலாம் போலிருந்தது, நாள் முழுக்க.

மங்கை சுற்றிவிட்டு நெற்றியில் பொட்டு வைத்துப் போனாள். அடுத்து அலமேலு அக்கா. வண்டிக்குச் சுற்றினார்கள், எனக்குச் சுற்றினார்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த அந்தச் சிவப்புத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்தார்கள். பிறகு குனிந்து, இன்னொரு தொடு தொட்டு, என் இடது முழங்காலில் வேட்டிக்கு மேலேயே வைத்தார்கள்.

“எல்லாக் கண்ணும் போவட்டும்” என்றார்கள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அதற்குப் பிறகு வந்த ஒருத்தியும் விடவில்லை. நெற்றிக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. தெரு முழுக்க வந்து முடிந்தபோது வெள்ளை வேட்டியில் இடது முழங்கால் இருக்கும் இடம் மட்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. பூசாரி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பங்குக்கு விபூதி போட்டார். பாய் கூட்டத்தில் நின்று, “மாமா, பெஞ்சுக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லு” என்றார்.

“எத்தனை பேருக்குத் தெரியும்?” என்று மங்கையைக் கேட்டேன்.

“தைலம் வாசனை தெரு முனையிலயே அடிக்குது. யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க.”

அப்புறம் ஒரே ஒரு தடவைதான் கிளட்ச் மிதித்தேன். கிளம்புவதற்கு. வழியில் எங்கும் நிற்காமல் வயலுக்குப் போய்ச் சால் ஓட்டினேன். நேர்சால். கோணல் இல்லை. இதை உத்திராபதியே ஒப்புக்கொண்டான். அவன் ஒப்புக்கொண்டதை அவனே மறுப்பான், ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

வேட்டியை மங்கை ஊறவைத்திருக்கிறாள். கறை போகாதாம்.

இந்த டைரியில் முதல் தடவையாக எழுதுகிறேன்: இடது முழங்கால் வலிக்கிறது. அறுவடைக்கு முன்பிருந்தே. எழுதியதும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. எழுந்து நின்று பார்த்தேன். குறையவில்லை.

சித்திரை 4

டவுனில் எலும்பு டாக்டர். மங்கை கூடவே வந்தாள், நான் உண்மையைச் சொல்கிறேனா என்று பார்க்க. படம் எடுத்தார், மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். தேய்மானமாம். கிளட்ச் வண்டி இனி கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்றார். “எவ்ளோ நாளா வலி?” என்று கேட்டார். “புதுச் செருப்பு…” என்று ஆரம்பித்தேன். மங்கை இருமினாள். சரியான பதிலைச் சொன்னேன்.

மாத்திரை வாங்க வெளியே வந்தால், காத்திருக்கும் இடத்தில், தூணுக்கு அந்தப் பக்கம், பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டு ஒருவர். பேப்பர் தலைகீழ். காற்றில் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தத் தைல வாசனை. நான் பூசாமல் வந்திருந்தேன்.

பேப்பரைக் கீழே இறக்கினேன். உத்திராபதி.

“என்னடா இங்க?”

“சும்மாண்ணே. இந்தப் பக்கம் வந்தேன்.”

“எந்தக் காலு?”

கொஞ்ச நேரம் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தான். பிறகு இடது காலைத் தடவிக்கொண்டே சொன்னான்.

“ஒண்ணுமில்லண்ணே. புதுச் செருப்பு கடிக்குது.”

அந்த டாக்டர் கிளினிக்கில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். குனிந்து அவன் காலைப் பார்த்தேன். வெறுங்கால். வாசலைப் பார்த்தேன். அங்கே கிடந்தது போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளிக்கு வாங்கிய செருப்பு.

வீட்டுக்குக் கிளம்ப இருவருக்குமே அவசரமில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது காலை நீட்டினேன். அவனும் நீட்டினான்.

“கடைசி பாட்டில் நீங்க வாங்கிட்டீங்கன்னு கடைக்காரர் சொன்னாரு” என்றான்.

“பாதி இருக்கு. சாயந்திரம் வந்து வாங்கிக்க” என்றேன். “அலமேலு அக்காகிட்ட நான் எதுவும் சொல்லப் போறதில்ல. ஆனா அடுத்த சித்திரைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வராதே.”